மாறிப்போன கழுத்து

காலை மணி ஒன்பது பத்து. தொண்டைப் புற்றுநோய் டாக்டர் அறைக் கதவைச் சாத்திவிட்டு இன்ஸ்பெக்டரம்மாவின் பக்கம் திரும்பினார்.

“உங்க வீட்டுக்காரர் தொண்டையில கேமரா விட்டுப் பார்த்தேன். கட்டி திரும்ப வந்திருக்கு. ஆனா போன வாரம் எடுத்த ஸ்கேன்ல ஒண்ணுமே இல்ல. அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர், பிழைச்சுக்குவார்னு கணிச்சுது. நானும் சிகிச்சையை நிறுத்த இருந்தேன். யாரோ படத்தை மாத்தியிருக்காங்க.”

எத்தனையோ பிணங்களை அசராமல் பார்த்தவள்தான். இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கணிப்பு வந்த அன்று அவள் போட்ட ஆட்டம் கொஞ்சமா? வீடே அதிரச் சிரித்தாளே!

அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விசாரணையைத் தொடங்கினாள்.

ஸ்கேன் கம்ப்யூட்டரைத் தொடக்கூடியவர்கள் மூன்றே பேர். போன வருஷம் வந்த டாக்டர், அதற்குப் பிறகு சேர்ந்த உதவியாளர் பெண், அங்கேயே நெடுநாளாக டெக்னீஷியனாக இருக்கும் இன்ஸ்பெக்டரம்மாவின் கணவர்.

“படம் எடுத்தது நீதானே?” என்று உதவியாளர் பெண்ணிடம் கேட்டாள்.

“ஆமா மேடம்.”

“அப்புறம்?”

“சார் பேர்ல சேமிச்சு வெச்சேன். வேற ஒண்ணும் தெரியாது. வேலை போயிடுமா மேடம்?” அந்தப் பெண் பொலபொலவென்று அழுதாள்.

இன்ஸ்பெக்டரம்மா திரையருகே குனிந்தாள். தாடையோரம் வெள்ளைக் கீற்றுகள் சிதறிக் கிடந்தன.

“இது என்ன டாக்டர்?”

“பல்லுல உலோகம் அடைச்சிருந்தா அப்படித்தான் விழும். நான் தொண்டையை மட்டும்தான் பார்த்தேன்.”

கதிர்வீச்சு கொடுக்கும் முன் சொத்தைப் பற்களைப் பிடுங்கிவிடுவார்கள். அவருக்கும் அடைத்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாயிற்று. மசித்து மசித்து ஊட்டியவள் அவள்.

“அப்ப இது வேற யாரோட கழுத்தோ!” என்றார் டாக்டர்.

“கொஞ்சம் கீழே காட்டுங்க.”

தோளருகே எலும்பு முறிந்திருந்தது. அந்த முறிவு அவளுக்குத் தெரிந்ததுதான்; அது கூடி வருஷங்களாயிற்று. கல்யாணமான புதிதில் ஸ்கூட்டர் ஓட்டப் பழகுகிறேன் பேர்வழி என்று அவரைப் பள்ளத்தில் தள்ளியவளே அவள்தான். அன்று இங்கேதான் கழுத்தையும் தோளையும் ஸ்கேன் எடுத்தார்கள்.

“இது அவரோட கழுத்தேதான் டாக்டர், நோய் வர்றதுக்கு முன்னாடி எடுத்தது. அப்ப நீங்களும் இங்க இல்ல, இந்தப் பொண்ணும் இல்ல. இப்படி ஒரு படம் இருக்கிறது அவருக்கும் எனக்கும்தான் தெரியும். மாத்தினது என் புருஷன்.”

வெளியே பெஞ்சில் அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

“ஏங்க இப்படிப் பண்ணீங்க? மருந்தே நின்னிருக்குமே!”

“முதல்ல நிஜப் படத்தைத்தான் கம்ப்யூட்டர்ல கொடுத்துப் பார்த்தேன்மா. தேறாதுன்னு சொல்லிடுச்சு.” குரல் காற்றாகத்தான் வந்தது. “நீ சிரிச்சு ரொம்ப நாளாச்சு. ஒரு தடவை கேக்கணும்னு தோணுச்சு.”

“பாவி மனுஷா!” காக்கிச் சட்டையோடு அவர் தோளில் விழுந்து அவள் கதறினாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணிடம் அவரை மன்னிப்புக் கேட்க வைத்தாள். சிகிச்சையை நிறுத்தாமல் தொடரும்படி டாக்டரிடம் சொன்னாள். அப்புறம் வண்டிச் சாவியை எடுத்தாள்.

“வாங்க, வீட்டுக்குப் போலாம். இந்தத் தடவை மெதுவா ஓட்டறேன்.”