பதில் வெளிச்சம்

ஸ்டூடியோ மூலையில் இருந்த ஃப்ளாஷ் மின்னியபோது கேமரா அவள் கழுத்துப் பட்டையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகளின் சட்டைக் காலரை அவள் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"எடுத்துட்டியாம்மா? நான் இன்னும் சிரிக்கவே இல்லையே."

"எடுக்கலடி. அதுவா அடிச்சுது."

தன் குரலே பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. கணவன் இறந்துபோனதிலிருந்து எல்லாமே அப்படித்தான். பல் தேய்ப்பது, ஸ்டூடியோவைத் திறப்பது, வருகிறவர்களைச் சிரிக்கச் சொல்வது, எல்லாவற்றையும் மரத்துப்போன ஒரு கை செய்துகொண்டிருந்தது. அழுகைகூட வரவில்லை.

அந்த மூலை ஃப்ளாஷ் அன்று காலையில் வாங்கியது. கேமராக் கடைக்காரன் கணவனின் நண்பன்; எவ்வளவோ எடுத்துச் சொன்னான்.

"ரேடியோ சிக்னல்ல வேலை செய்யிற ஃப்ளாஷா வாங்கிக்குங்க அண்ணி. இது வேற ஃப்ளாஷ் அடிக்கிறதைப் பாத்தா கூடவே அடிக்கிற ரகம். யார் எடுக்கிறாங்கன்னு பாக்காது. கூட்டத்துல வச்சீங்கன்னா பைத்தியம் பிடிச்ச மாதிரி அடிச்சுக்கிட்டே இருக்கும்."

"எந்தக் கூட்டம்? அங்க நான் ஒருத்திதானே."

அவன் ஃப்ளாஷைப் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தான்.

இப்போது அவள் கேமராவின் மேல் இருந்த ஃப்ளாஷை அணைத்தாள். பேட்டரிகளையும் கழற்றி மேசையில் வைத்தாள். ஜன்னல் இல்லாத அறை, சாத்திய கதவு, சூடேறிய தூசியின் வாடை. மூலையில் இருந்தது மறுபடி பளிச்சென்று அடித்து, கொசு ரீங்கரிப்பதுபோன்ற மெல்லிய சத்தத்தோடு அடுத்த வெளிச்சத்துக்குத் தன்னை நிரப்பிக்கொள்ளத் தொடங்கியது.

அது எதையோ பார்க்கிறது. அவள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு வெளிச்சத்தை.

அதன் முன்பக்கத்தில், வெளிச்சத்தை உணர மிளகளவு சிவப்புக் கண்ணாடி இருந்தது. அதைக் கதவுப் பக்கம் திருப்பிவைத்துக் காத்திருந்தாள். ஒன்றுமில்லை. மேசைப் பக்கம் திருப்பினாள். ஒன்றுமில்லை. மகளின் முதுகுக்குப் பின்னால் தொங்கிய வெள்ளைத் திரையின் பக்கம் திருப்பியதும் அடித்தது.

திரைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடம் உண்டு. எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

பயம் வரவில்லை. மாறாக, மாதக்கணக்கில் மரத்துக் கிடந்த நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகியது. அவர்தான். அவருடைய ஸ்டூடியோவில் வேறு யார் வந்து படம் எடுக்கப்போகிறார்கள்? ஒரு தடவை, நிழலாகவாவது பார்த்துவிட்டால் போதும்.

ஃப்ளாஷைத் தூக்கிக்கொண்டுபோய்த் திரைக்குப் பின்னால் சுவரோரமாக, திரையைப் பார்த்தபடி நிறுத்தினாள். பழைய இடத்துக்கே திரும்பி வந்து அறை விளக்கை அணைத்தாள்.

"அம்மா, இருட்டா இருக்கு."

"ஒரு நிமிஷம் கண்ணு, அப்படியே உக்காந்திரு. அப்பாவைப் பாக்க வேண்டாமா?"

ரீங்காரம் நின்றது. ஸ்டூல் லேசாகக் கிறீச்சிட்டது. இரண்டு பேர் மூச்சு விடும் சத்தம். அவள் தன் மூச்சை அடக்கினாள். அப்போதும் இரண்டு.

"அம்மா."

"ம்."

"இது அப்பா இல்லம்மா."

வெளிச்சம்.

திரை முழுக்க வெள்ளை. முன்னால் மகளின் கறுத்த உருவம். திரையின் மேல்விளிம்பில் தலை இடித்து, அங்கிருந்து வளைந்து இறங்கிய ஒரு நிழல். அதன் முகத்தோடு ஒட்டி ஒரு கேமரா.

இருட்டு. ரீங்காரம்.

ஓடு என்றாள் தன் காலிடம். கால் வேறு யாருடையதோ.

வெளிச்சம். நிழல் இன்னும் குனிந்திருந்தது. ஒரு கை நீண்டிருந்தது. மகளின் முகவாய்க்கு அடியில் ஒரே ஒரு விரல்.

இருட்டு.

வெளிச்சம். மகளின் முகம் சற்றே உயர்ந்திருந்தது, படத்துக்குச் சரியான அளவில்.