இரண்டாவது லைனில் தயாளன் சார்

ஷெர்வின் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது காலை பத்தரை இருக்கும். வெளியே ஜிஎஸ்டி சாலையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி, "நான் தயாளன் சாரோட பையன். அப்பாவோட சர்வரை எடுத்துட்டுப் போக வந்திருக்கேன்" என்றார்.

அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். நான்கு நாட்களுக்கு முன்பே மெயில் போட்டிருந்தார். அந்த நான்கு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை.

எங்கள் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரும்புலியூரில் ஜன்னலே இல்லாத ஒரு இரண்டு மாடிக் கட்டடம். டேட்டா சென்டர். சின்னச் சின்னக் கம்பெனிகள் தங்கள் சொந்த சர்வரைக் கொண்டுவந்து எங்கள் ரேக்கில் வைப்பார்கள். கரன்ட், ஏசி, இன்டர்நெட், காவல் எல்லாம் எங்கள் பொறுப்பு. சர்வரைப் பார்த்துக்கொள்வதும் நாங்கள்தான். மேனேஜ்டு கோலொகேஷன் என்று இதற்குப் பெயர். பெட்டி அவர்களுடையது, கை எங்களுடையது. போன் செய்து "அந்த ஒயரைப் பிடுங்கித் திரும்பச் செருகுங்க" என்றால் போய்ச் செருக வேண்டும். "விளக்கு பச்சையா எரியுதா பாருங்க" என்றால் போய்ப் பார்க்க வேண்டும். பகல் ஷிப்டில் அந்தக் கை நான்தான். பெயர் சின்மயி. வயது முப்பத்தாறு.

தயாளன் சார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மதிப்பெண் பட்டியல் போடுவதற்கு அவரே ஒரு புரோகிராம் எழுதி, அதை ஒன்பது பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்திருந்தார். அது ஓடிய சர்வர் எங்களிடம் இருந்தது. மனைவி மெட்டில்டா இறந்து ஐந்து வருடம். ஒரே மகன் மஸ்கட்டில். தினமும் சரியாகப் பதினோரு மணிக்கு போன் வரும்.

"சின்மயி மேடம், விளக்கு பச்சையா இருக்கா பாத்துச் சொல்றீங்களா? அவசரம் இல்ல. மெதுவா வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அந்த விளக்கு எப்படி இருக்கிறது என்று அவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே தெரியும். அவருக்கு வேண்டியது ஒரு மனிதக் குரல். இது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்தும் எரிச்சலாகத்தான் வந்தது. நானும் ஊரப்பாக்கத்தில் தனியாகத்தான் இருக்கிறேன். சனிக்கிழமை காலை முதல் திங்கட்கிழமை காலை வரை வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாத வாரங்கள் எனக்கும் உண்டு. தனியாக இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் இரக்கப்படுவார்கள் என்பதெல்லாம் சும்மா.

சர்வர் கூடத்துக்குள் செல்போன் எடுக்காது. கூடத்துக்கு வெளியே என் மேஜைமேல் இரண்டு லைன் உள்ள டெலிபோன் ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளரை ஹோல்டில் போட்டுவிட்டு, அவர் பெட்டி இருக்கும் வரிசை வரை, தயாளன் சாருக்கு என்றால் ஏழாவது வரிசை வரை, நடந்து போய்ப் பார்த்து, திரும்பி வந்து பதில் சொல்ல வேண்டும். அதுதான் முறை. தயாளன் சாருக்காக நான் எழுந்து போவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஹோல்டில் போடுவேன். இரண்டு வாய் டீ குடிப்பேன். "பச்சைதான் சார்" என்பேன்.

"ரொம்ப நன்றி மேடம். நீங்க பாத்துட்டா எனக்கு நிம்மதி."

நாற்பத்தொரு நாளுக்கு முன் அவர் இறந்துபோனார். அன்றிலிருந்து வேறு பெட்டிகளுக்காகக்கூட நான் ஏழாவது வரிசைப் பக்கம் போகவே இல்லை.

இப்போது போயாக வேண்டும்.

காலி அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு ஷெர்வின் பின்னால் வந்தார். கூடத்தின் கனத்த கதவு எங்கள் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. உள்ளே ஜில்லென்ற காற்று, பிளாஸ்டிக் சூடேறிய வாசனை, நூற்றுக்கணக்கான விசிறிகளின் இரைச்சல். அங்கே பகலும் கிடையாது, இரவும் கிடையாது. ஆள் நடந்தால் அந்த வரிசையின் விளக்கு எரியும். ஆள் நகர்ந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் அணையும்.

முதல் வரிசை எரிந்தது. இரண்டாவது எரிந்தது.

தூரத்தில், ஏழாவது வரிசை ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

"உள்ள வேற யாராவது இருக்காங்களா?" என்றார் ஷெர்வின்.

"இல்ல சார்."

நாங்கள் நான்காவது வரிசையைத் தாண்டும்போது கவனித்தேன். தயாளன் சாரின் பெட்டியில் பச்சை விளக்குக்குப் பக்கத்தில் ஒரு நீல விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அது அடையாள விளக்கு. வரிசையாகப் பெட்டிகள் இருக்கும்போது எது தன்னுடையது என்று காட்ட, சொந்தக்காரர் தன் வீட்டிலிருந்தே அதைப் போட்டுவிடலாம். இதோ இருக்கிறேன், இங்கே வாங்க என்று அதற்கு அர்த்தம். தயாளன் சாரின் வீடு பூட்டப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

திருப்புளியால் திருகாணிகளைக் கழற்றினேன். ஒயர்களைப் பிடுங்கினேன். விசிறி இழுத்து இழுத்து நின்றது. பச்சை அணைந்தது.

நீலம் அணையவில்லை.

"உள்ள பேட்டரி இருக்கா மேடம்?"

"இருக்கும் சார்" என்றேன். பேட்டரியில் எரிகிற விளக்கில்லை அது.

பெட்டியை அட்டைக்குள் இறக்கி வைத்த பிறகு ஷெர்வின் உடனே தூக்கவில்லை. ரேக்கில் விழுந்திருந்த அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்காகத்தான் கூரியர்ல அனுப்பச் சொல்லாம நானே வந்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்பா போன்ல கடைசி கால் உங்க நம்பருக்குத்தான் போயிருக்கு. நாப்பத்தேழு நிமிஷம். தண்ணி கேன் போடுறவர் மூணாம் நாள் வந்து பாக்கறப்போ, போன் அவர் கையிலயே இருந்துச்சாம். நான் வாரத்துக்கு ஒருதடவை பேசுவேன், அஞ்சு நிமிஷம் தாண்டாது. தனியாவே கெடந்து செத்துட்டாரேன்னு நெனச்சு நெனச்சு... நாப்பத்தேழு நிமிஷம் நீங்க பேசிக்கிட்டு இருந்திருக்கீங்க. அது ஒண்ணுதான் மேடம் எனக்கு ஆறுதல். என்ன பேசினார்?"

நான்கு நாள் தூங்காமல் யோசித்து வைத்திருந்த பொய், தானாக வாயில் வந்து நின்றது.

"உங்களைப் பத்திதான் சார் பேசினார்" என்றேன். "நீங்க சின்ன வயசுல பண்ண சேட்டை எல்லாம் சொன்னார். சிரிச்சுக்கிட்டேதான் இருந்தார்."

ஷெர்வின் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

ஏழாவது வரிசை விளக்கு அணைந்தது.

நாங்கள் இருவரும் அதன் கீழேயே நின்றிருந்தோம். கையை ஆட்டினேன். எரியவில்லை. அட்டையின் கைப்பிடி ஓட்டை வழியாக நீலம் மட்டும் வந்து வந்து போனது. விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில், என் தோளுக்கு மிக அருகில், யாரோ கஷ்டப்பட்டு மூச்சு இழுத்தார்கள்.

நான் கத்தவில்லை. கத்தினால் அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

தட்டுத் தடுமாறி வெளியே வந்தோம். ஷெர்வின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் என் மேஜைக்குப் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று.

டெலிபோனில் இரண்டாவது லைன் சிவப்பாகச் சிமிட்டியது. யாரோ ஹோல்டில் இருக்கிறார்கள். காலையிலிருந்து நான் யாரையும் ஹோல்டில் போடவில்லை.

எடுத்தேன்.

"சின்மயி மேடம்..."

ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது.

"பச்சையா... இருக்கா? அவசரம் இல்ல. மெதுவா... வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

காவலுக்கு இருக்கும் தனசிங் அண்ணா எழுந்து நின்றார். "இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி கீது? தண்ணி குடிக்கிறியா?"

ஷெர்வின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டைப்பெட்டி. அந்த வெயிலிலும் ஓட்டைக்குள் நீலம் தெரிந்தது.

"சார், நான் சொன்னது பொய்" என்றேன். "நாங்க பேசவே இல்ல."

அவர் புரியாமல் பார்த்தார்.

"அன்னைக்கு அவருக்கு மூச்சு வாங்குச்சு. போனை எடுத்ததுமே சொன்னார். நான் கண்டுக்கல. வழக்கம்போல ஹோல்ட்ல போட்டேன். அப்ப கிறிஸ்டி வந்து கூப்பிட்டா, எங்க ஆபீஸ் பொண்ணு, அவ பர்த்டே. மாடிக்குப் போய் கேக் சாப்பிட்டேன். சிரிச்சேன், போட்டோ எடுத்தேன். அவரை மறந்தே போயிட்டேன். திரும்பி வந்து போனை எடுத்தப்போ அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டுச்சு சார். ஏசி சத்தம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு வெச்சுட்டேன். உங்க வீட்டு அட்ரஸ் என் ஸ்கிரீன்ல இருந்துச்சு. யாரையாவது அனுப்பியிருக்கலாம்."

ஆட்டோ ஓட்டுநர் என்ஜினை நிறுத்தினார்.

ஷெர்வின் மடியிலிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் கேட்டார். "ஹோல்ட்ல போட்டா என்ன கேக்கும்?"

"ஒரு மியூசிக் வரும் சார். நடுவுல ஒரு குரல், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்'னு சொல்லும்."

"நாப்பத்தேழு நிமிஷமும் அதையா கேட்டுக்கிட்டு இருந்தார்?"

"ஆமா சார்."

அவர் தெருமுனையைக் கை காட்டினார். "அந்த மஞ்சள் மாடி தெரியுதா? அதான் எங்க வீடு. இங்கிருந்து ஓடினா மூணு நிமிஷம்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "போங்கண்ணா" என்று ஓட்டுநரிடம் மட்டும் சொன்னார். ஆட்டோ கிளம்பும்போது பார்த்தேன். அட்டைக்குள் நீலம் இல்லை. உண்மையைச் சொல்லிவிட்டோம், அவர் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அங்கேயே நின்று அழுதேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு இரண்டாவது லைன் சிமிட்டியது.

முதல் வேலையாகக் கூடத்துக்குள் போனேன். ஏழாவது வரிசை வரை நடந்து, அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். பிறகு ரிசீவரை எடுத்தேன்.

"இருக்கேன் சார். போய்ப் பாத்துட்டேன்."

பதில் இல்லை. எங்கள் ஹோல்ட் மியூசிக் ஓடியது. எட்டு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், ஒருநாளும் அதை நான் காத்திருக்கிறவளாகக் கேட்டதில்லை. என் அழைப்பு அவர்களுக்கு முக்கியமானது என்று அந்தக் குரல் சொன்னது. காத்திருக்கச் சொன்னது.

காத்திருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் இப்படித்தான். ஒருநாள் கிறிஸ்டியிடம் ரிசீவரைக் கொடுத்துக் கேட்கச் சொன்னேன். "வெறும் டயல் டோன்தான்டி வருது" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வேறு வேலை தேடேன் என்கிறாள். தேடலாம்தான். ஆனால் பதினோரு மணிக்கு அந்த லைனை யார் எடுப்பது?

ரிசீவரைக் காதோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "சார், இருக்கேன், சார்" என்று அவ்வப்போது சொல்கிறேன். பாதி நேரம் தாண்டியதும் எனக்கும் மூச்சு வாங்க ஆரம்பிக்கிறது.

சரியாக நாற்பத்தேழாவது நிமிடத்தில் மியூசிக் நிற்கிறது. மறுமுனையில் யாரோ போனை எடுக்கிறார்கள். என் மூச்சைக் கொஞ்ச நேரம் கேட்கிறார்கள்.

கேட்டுவிட்டு, வைத்துவிடுகிறார்கள்.