கூண்டிலிருந்து எடுத்த படம்

இடுப்பு வலி வாடகை தராத குடித்தனக்காரனைப் போல அவனுக்குள் உட்கார்ந்திருந்தது. காலையில் ஏணி ஏறும்போது முழங்காலில் தொடங்கி, நடுப்பகலில் தொடைக்கு வந்து, பொழுது சாய்கிற நேரத்தில் முதுகெலும்பின் அடியில் ஆணி அடித்ததுபோல நிலைகொள்ளும். நாள் முழுக்கக் குனிந்து, கால்களுக்கு நடுவே இருக்கும் கண்ணாடி வழியாகக் கீழே தொங்கும் கொக்கியையே பார்த்துக்கொண்டிருக்கும் கிரேன்காரனுக்கு வேறு என்ன சொத்து சேரும்? முஷ்டியை மடக்கி வலிக்கிற இடத்தில் வைத்து அழுத்தினான். சூடான எண்ணெயும் வியர்வையும் சாப்பாட்டுத் தூக்கின் புளிப்பும் கூண்டுக்குள் ஒரே வாடையாகக் கலந்து கிடந்தன.

வேலை முடிந்திருந்தது. கொக்கியை மேலே இழுத்து, மின்சாரத்தை அணைத்து, கிரேன் சுழல்வதைத் தடுக்கும் பிரேக்கையும் எடுத்துவிட்டிருந்தான். அதை எடுக்காமல் எந்தக் கிரேன்காரனும் இறங்கமாட்டான். கிரேனின் நீட்டிய கையைக் கட்டிப்போட்டால் ராத்திரிக் காற்று கோபுரத்தையே சாய்த்துவிடும். விட்டுவிட்டால், காற்று போகிற பக்கம் கையும் கூண்டும் தாமாகத் திரும்பிக்கொள்ளும்.

இறங்கியிருக்கவேண்டும். மடியில் கேமரா இருந்தது.

மச்சான் கொடுத்தது. கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறவன். யாரோ விற்கிற கேமராவை ஒரு நாள் சோதித்துப் பார்க்க வாங்கியிருந்தான். "நான் எடுக்கறதெல்லாம் மூஞ்சி, மாமா. பக்கத்துல நின்னே எடுத்துரலாம். இந்த லென்ஸ் தூரத்துல எப்படி நிக்குதுன்னு பாக்கணும். அவ்ளோ உசரம் உங்களுக்குத்தான் வாய்ச்சிருக்கு."

"ஏறி வந்து நீயே எடேன்."

"எனக்கு மொட்டைமாடியே தலையச் சுத்தும். எங்கக்காவைக் கட்டுன பாவத்துக்கு இதுகூடச் செய்யக்கூடாதா?"

கைக்குழந்தை கனம் இருந்தது. லென்ஸைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம், அந்தச் சூட்டிலும், ஈரத்துணியைத் தொட்டதுபோலக் குளிர்ந்தது. வளையத்தைத் திருப்பினால் தூரத்துச் சுவர் எழுந்து நடந்து வந்து எதிரில் நின்றது.

வாக்கிடாக்கி கரகரத்தது. தரையில் நின்று கொக்கிக்குச் சைகை காட்டுகிறவன். எல்லாருக்கும் அவன் விசில். "அண்ணே, மேலயே குடித்தனம் வச்சிட்டீங்களா?"

"மச்சான் கேமராடா. ரெண்டு படம் எடுத்துட்டு இறங்குறேன்."

"என்னையும் ஒண்ணு புடிங்க. பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்."

"இங்கருந்து உன் தொப்பி மட்டும்தான் தெரியுது."

"அதான் நல்லது. மூஞ்சியப் பாத்துட்டுத்தான் எல்லாரும் வேணாம்னுட்டாங்க."

சிரித்துக்கொண்டே அந்தத் தொப்பியைப் படம் எடுத்தான். டக். அதிலிருந்த கீறல்கூட விழுந்திருந்தது. பிறகு சாலைக்கு அப்பால், வரிசை வீடுகளின் பக்கம் திரும்பினான். அவன் வீட்டு மாடி அங்கே இருந்தது. பொழுது சாய்ந்தால் மகள் மாடிக்கு வந்து கூண்டைப் பார்த்துக் கையாட்டுவாள். அவளுக்கு அப்பா தெரியமாட்டான். அப்பாவுக்கு அவள் ஒரு பொட்டு. இன்று வளையத்தைத் திருப்பத் திருப்ப அந்தப் பொட்டு வளர்ந்தது, கை முளைத்தது, விழுந்த பல்லின் சந்து தெரியச் சிரித்தது. பின்னால் மனைவி கொடித்துணி எடுத்துக்கொண்டிருந்தாள். டக்.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். மகள் கூர்மையாக இருந்தாள். கொடியில் நீலச்சட்டை ஒன்று தொங்கியது. வலது முழங்கையில் பூப்போட்ட ஒட்டு. மகளின் பழைய கவுனைக் கிழித்து மனைவி தைத்தது, ஊரே கிண்டல் செய்தது. அப்படி ஒரு சட்டை உலகத்தில் ஒன்றுதான் உண்டு.

அது அவன் உடம்பில் இருந்தது.

முழங்கையைத் தூக்கிப் பார்த்தான். பூ இருந்தது. மீந்த துணியில் இன்னொரு சட்டைக்கும் ஒட்டுப் போட்டிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவனிடம் இன்னொரு நீலச்சட்டை கிடையாது என்பது அவனுக்குத் தெரியும். மறுபடியும் கண்ணைக் கேமராவின் துளையில் வைத்தான். கொடி காலி. மாடிக் கைப்பிடிச் சுவரில் ஓர் ஆள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். மடியில் மகள். யாரென்று பிடிபடவில்லை, தன் முதுகைத் தானே பார்த்தவன் எவன் இருக்கிறான்? மச்சானா? அவன் கட்டையன். விரல் தானாக அழுத்தியது. டக்.

அந்த ஆள் முஷ்டியை மடக்கி முதுகெலும்பின் அடியில் வைத்து அழுத்தினான்.

இவன் இடுப்பில் வலி இல்லை.

குறையவில்லை. இல்லை. நிமிர்ந்தான், குனிந்தான், இருக்கையில் திரும்பினான். எத்தனையோ வருடத்து வலி, எண்ணெய், இடுப்புப் பட்டை, ஊசி எதற்கும் அசையாதது, இருந்த சுவடே இல்லாமல் போயிருந்தது. ஒரு மூச்சு நேரம் சுகமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் சட்டை நினைவுக்கு வந்தது. முழங்கையைப் பார்த்தான். சட்டையில் கிழிசல் இருந்தது. ஒட்டு இல்லை.

வாக்கிடாக்கியை எடுத்தான். "விசிலு. டேய் விசிலு. மேல வாடா."

"யாரு பேசுறது?"

"நான்தாண்டா. கூண்டுல இருக்கேன்."

வாக்கிடாக்கி இரைந்தது. "இந்த விளையாட்டு வேணாம். அண்ணன் அப்பவே இறங்கி வீட்டுக்குப் போயிட்டாரு. எனக்கு ஒரு சிகரெட்டு குடுத்து, சோடியா நின்னு குடிச்சோம். ஏணிக் கதவையும் அவர்தான் பூட்டினாரு."

"என் குரல் தெரியலையாடா உனக்கு?"

"இது அவரு குரல் மாதிரியா இருக்கு? தம்பி, எவன் வாக்கிடாக்கிய எடுத்தியோ மரியாதையா கொண்டாந்து வச்சிரு. காலைல மேஸ்திரிகிட்ட சொல்லிருவேன்." இரைச்சல் நின்றது. பொத்தானை அமுக்கி அமுக்கிக் கத்தினான். கீழே, கேட்டுக்கு வெளியே, தொப்பியைக் கையில் ஆட்டிக்கொண்டு ஒருவன் போவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

கூண்டின் தரையில் இருந்த ஏணிக் கதவின் வளையத்தைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. வேலை முடிந்து கடைசியாக இறங்குகிறவன் அடிப்பக்கம் பூட்டுப் போட்டுவிட்டுப் போவான். தெருப் பையன்கள் ஏறிவிடக்கூடாது என்பதற்காக. சாவி எப்போதும் இவன் இடுப்புக் கயிற்றில் இருக்கும். தடவினான். கயிறு மட்டும் இருந்தது. போன் கீழே பெட்டியில். மேலே கொண்டுவரக்கூடாது என்பது கம்பெனி சட்டம். சுவிட்சைப் போட்டு ஹாரன் அழுத்தினான், மின்சாரம் இல்லை, கீழே மெயினையும் அணைத்திருந்தார்கள். கேமராவைத் தூக்கி வெளிச்சம் அடிக்கலாமென்று எல்லாப் பொத்தானையும் தேடினான். இவ்வளவு பெரிய கேமராவில் ஒரு ஃப்ளாஷ் இல்லை. பக்கக் கண்ணாடியைத் தள்ளித் தலையை வெளியே நீட்டினான். பிடிக்க ஒரு கம்பி இல்லை. கீழே கட்டி முடியாத மாடிகளின் முள்முள்ளான கம்பிகள். கத்தினான். காற்று வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது.

இரும்பு முனகியது.

கூண்டு திரும்பத் தொடங்கியிருந்தது.

வரிசை வீடுகள் கண்ணாடியின் ஓரத்துக்கு நகர்ந்தன. மாடி நகர்ந்தது. இவன் கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டி, கழுத்து முறியும்வரை பார்த்தான். பிறகு அதுவும் இல்லை. எதிரே இருட்டு. ஆள் இல்லாத காலி மனைகள். பிரேக்கைப் போட்டு நிறுத்தலாமென்று கை போனது. மின்சாரம் இல்லாமல் அதுவும் செத்த கட்டை. அதை எடுத்துவிட்டது இவன் கைதான்.

காத்திருந்தான். காற்று மாறவேண்டும்.

மாறியது. முனகல். மெதுவாக. சாலை. சாலை விளக்கு. வரிசை வீடு. மாடியில் மஞ்சள் பல்பு எரிந்தது.

பார்க்கக்கூடாது என்று நினைத்தான். பார்க்காமல் எப்படி? கேமராவைத் தூக்கினான்.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இவனுக்குப் பசி இல்லை. காலையிலிருந்து இருந்த பசி இல்லை. மனைவி ஏதோ சொன்னாள். அந்த ஆள் ஏதோ சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவனிடம் அப்படிச் சிரித்து நாளாயிற்று. மகள் மட்டும் சாப்பிடவில்லை. கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் தூக்கினாள். ஆட்டினாள்.

"கண்ணு," என்றான். கூண்டுக்குள் சத்தம் எழவில்லை. மறுபடியும் சொன்னான். உதடு அசைந்தது.

அந்த ஆள் மகளின் தூக்கிய கையைப் பிடித்தான். மெல்லக் கீழே இறக்கினான். அவள் முகத்தைத் தட்டுப் பக்கம் திருப்பிவிட்டான்.

எழுந்தான். திரும்பினான்.

இவன் முகம்.

நேராக லென்ஸுக்குள் பார்த்தான். அவசரம் இல்லாத பார்வை. வீட்டுக்காரனின் பார்வை. இரண்டு கைகளையும் கண்ணுக்கு நேரே கொண்டுபோனான். ஏதோ கனமானதைப் பிடித்திருப்பவன்போல. ஒரு விரல் வளைந்தது.

டக்.

இவன் பொத்தானைத் தொடவில்லை.

திரை ஒளிர்ந்தது. அது மாடியிலிருந்து எடுத்த படம். மேகம், கிரேனின் நீட்டிய கை, கூண்டு. பெரிதாக்கினான். கண்ணாடி. இன்னும். இருக்கை தெரிந்தது, அதன் முதுகில் கிழிந்து பிதுங்கிய மஞ்சள் நுரை இழை இழையாகத் தெரிந்தது. அதை மறைக்கவேண்டிய நெஞ்சு இல்லை. தலை இல்லை. இருக்கையில் யாரும் இல்லை.

இரும்பு முனகியது. மாடி நகர்ந்தது. பல்பு நகர்ந்தது. மனைவி கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னைக்காவது பொழுதோட வந்துருவீங்கல்ல?" என்று காலையில் கதவருகே நின்று கேட்டாள். செருப்பு மாட்டுகிற அவசரத்தில் இவன் பதில் சொல்லவில்லை.

அந்த ஒரு 'வர்றேன்' இவன் அவளுக்குத் தரவேண்டிய கடன். அது அப்படியே நிற்கிறது.