மேல்வீட்டுத் தண்ணீர்

அந்தச் சட்டையை அதுவரை ஒருத்தனும் போட்டதில்லை. காலருக்குக் கீழே சொருகியிருந்த அட்டையும் கையை மடித்துக் குத்தியிருந்த குண்டூசிகளும் அப்போதுதான் கழற்றப்பட்டு மேசைமேல் கிடந்தன. ஆனால் மருமகள் அதை ஹேங்கரில் மாட்டி, துணிக்கு நீராவி காட்டும் ஸ்டீமரின் முனையை மேலிருந்து கீழே இழுத்தபோது, அக்குள் பக்கத்திலிருந்து வியர்வை வாடை வந்தது. இன்றைய வியர்வை இல்லை. பல நாள் கழற்றாத சட்டைக்குள் ஊறி, காய்ந்து, அதன்மேல் மறுபடி ஊறிய வியர்வை.

கிழவர் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்த தேநீரை விழுங்கவும் மனமில்லாமல், துப்பவும் இடமில்லாமல் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டார்.

ஒருவழியாக அதை விழுங்கிவிட்டு, பழைய சட்டையைப் புதுசு என்று யாராவது தலையில் கட்டிவிட்டார்களா என்று மருமகளிடம் கேட்டார். இப்போதுதான் உறையைப் பிரித்தேன், ஊசி குத்திய விரல் இன்னும் வலிக்கிறது என்று அவள் சொன்னாள். அவளுக்கு எந்த வாடையும் தெரியவில்லை. ஒரு வாரமாக அவளுக்கும் பேத்திக்கும் மூக்கடைப்பு. மகனோ பெயிண்ட் கிடங்கில் வேலை பார்த்துப் பார்த்து மூக்கு இருப்பதையே மறந்தவன். வீட்டில் வேலை செய்கிற மூக்கு ஒன்றே ஒன்றுதான். அதை யாரும் மதிப்பதில்லை.

"அப்பாவுக்குச் சாமியே நேர்ல வந்து நின்னாலும் அடையாள அட்டை கேப்பாரு" என்று சொல்லிவிட்டு மகன் வேலைக்குப் போய்விட்டான்.

கேட்பார்தான். ஆயுசு முழுக்க ஒரு கிடங்கு வாசலில் காவல் உட்கார்ந்து, போகிறவன் வருகிறவன் பையையெல்லாம் திறந்து பார்த்த மனுஷர். அந்த ஸ்டீமரையும் அவர் நம்பவில்லை. ஆளுயரக் கம்பி, அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதிலிருந்து துதிக்கை மாதிரி கிளம்பும் குழாய். மருமகள் வீட்டிலிருந்தே துணி வாடகைக்கு விடுகிறாள்: கோட்டு, புதுச் சட்டை, நீளப் பாவாடை, சின்னப் பிள்ளைகள் போட்டோவுக்குப் போடும் ஜிகினா கவுன். கோட்டைத் தினம் துவைக்க முடியாது. நீராவி காட்டிச் சுருக்கம் எடுத்து அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவாள். எவனோ போட்டதை எவனோ போடுகிறான், நடுவில் ஒரு புகை, அவ்வளவுதான் சுத்தம் என்று கிழவர் முணுமுணுப்பார்.

ஆனால் அந்த மெஷினுக்கு ஊற்றும் தண்ணீர் மட்டும் அவருடையது. அதை அவர் நம்பினார்.

குழாய்த் தண்ணீர் ஊற்றியபோது உள்ளே உப்புப் படிந்து, முனை வெள்ளை வெள்ளையாகத் துப்பி, ஒரு கறுப்புக் கோட்டு பாழாய்ப் போனது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை ஊற்றுங்கள், அதில் உப்பே இருக்காது என்று ரிப்பேர்காரர் சொன்னார். இவர்கள் வீட்டில் ஏசி கிடையாது. மேல்வீட்டில் இருந்தது. அதன் குழாய் பாதியில் உடைந்து இவர்கள் பால்கனியில்தான் சொட்டிக்கொண்டிருந்தது.

மேல்வீட்டுக்காரர் தனி ஆள். கனத்த உடம்பு, எப்போதும் புழுக்கம் என்பார், ஏசி அணைந்ததே இல்லை. அவர் இருமுவது கூரை வழியாகக் கேட்கும். அடித்தொண்டையிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வந்து, பாதியில் நிறுத்தி, கடைசியில் "ம்ஹும்" என்று ஒரு சின்ன முனகல். சாப்பிடும்போது அது கேட்டால் கிழவர் தட்டைத் தள்ளிவிடுவார். சொட்டுத் தண்ணீருக்காக ஒருமுறை படியேறிப் போய்ச் சண்டை போட்டார். "தண்ணிதானே பெரியவரே, புடிச்சு வச்சுக்கோங்க" என்று அந்த ஆள் சிரித்தார். அதோடு பேச்சு முறிந்தது. பால்கனியில் சொட்டுக்குக் கீழே ஒரு வாளி மட்டும் வந்தது.

பிறகு ஒரு நாள் அந்த ஆள் பெட்டியோடு மாடிப்படியில் நின்றதைக் கிழவர் பார்த்தார். போகிறாரா, வருகிறாரா என்று கேட்கவில்லை. பேசாத ஆளிடம் என்ன கேள்வி. போகிறார் என்று அவரே முடிவு கட்டினார். அதற்குப் பிறகு இருமலும் கேட்கவில்லை. ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க மறந்து போயிருக்கிறான், கரண்டு பில் வரும்போது தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வீட்டுச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏசியை அணைப்பார்கள். தண்ணீர் நின்றுபோகும். ஆகவே வாயைத் திறக்கவில்லை.

புதுச் சட்டையில் வாடை வந்த அன்று காலையிலிருந்து மழை. பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. மருமகள் மறுநாள் போகவேண்டிய துணிகளையெல்லாம் சுவரோரம் வரிசையாக மாட்டி ஒவ்வொன்றாக நீராவி காட்டிக்கொண்டிருந்தாள். மெஷின் அடிவயிற்றில் கொதிக்கும் சத்தம், முனையிலிருந்து ஸ்ஸ் என்று கிளம்பும் மூச்சு, ஜன்னல் கண்ணாடியில் படிந்து கோடு கோடாக வழியும் ஈரம், அந்த ஈரத்தில் கம்பளித் துணியும் எண்ணெய்த் தலையும் பூச்சாடியில் அழுகிய தண்டும் ஒன்றாய்ச் சேர்ந்த ஒரு வாடை. நாற்காலியை எந்தப் பக்கம் நகர்த்திப் போட்டாலும் அது கூடவே வந்தது. மூக்கைப் பொத்தினால் நாக்கில் தெரிந்தது. நாக்கில் லேசாகப் பிசுக்கு. கிழவர் துண்டு நுனியால் நாக்கைத் துடைத்துப் பார்த்தார். துண்டில் ஒன்றும் இல்லை. பிசுக்கும் போகவில்லை.

எங்காவது எலி செத்திருக்கும் என்று அலமாரியை நகர்த்தினார், சாக்கடை மூடியைத் திறந்து முகர்ந்தார். சாக்கடையில் சாக்கடை வாடைதான் இருந்தது. அதை முகர்ந்தபோது ஆறுதலாகக்கூட இருந்தது.

பேத்தி கட்டிலில் படுத்து இருமிக்கொண்டிருந்தாள். நாலு வயசுக் குட்டி. நெஞ்சுச் சளி. மருந்துக்குக் கேட்கவில்லை, சாயங்காலம் ஆவி பிடிக்க வைக்கிறேன் என்று மருமகள் சொன்னாள். கிழவர் பேத்தியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இந்த வீட்டில் அவரைச் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான். அவர் சொல்லும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள்.

திரும்பும்போதுதான் துணிகளைக் கவனித்தார்.

சுருக்கம் எடுத்து மாட்டிய துணிகள். ஆறியதும் அவற்றில் சுருக்கம் திரும்ப வந்திருந்தது. முதலில் மாட்டியிருந்த கோட்டில் இடது முழங்கை மடங்கிக் கிடந்தமாதிரி குறுக்கே கோடுகள். வயிற்றுப் பக்கம் மூன்று மடிப்பு. வலது தோள் நசுங்கி, அதன்மேல் ஓர் ஆள் ஒருக்களித்துப் பல நாள் படுத்திருந்த மாதிரி. அடுத்த சட்டையிலும் இடது முழங்கை. மூன்று மடிப்பு. வலது தோள். அதற்கடுத்ததிலும் அப்படியே. கடைசியில் பேத்தி உயரத்துக்கு ஒரு ஜிகினா கவுன் தொங்கியது. அந்தச் சின்னஞ்சிறு கவுனின் வயிற்றில் ஒரு கனத்த ஆணின் தொப்பை மடிந்து கிடந்தது.

"மெஷின் சரியில்ல மாமா. நேத்து ஒருத்தர் கோட்டைத் திருப்பிக் குடுத்துட்டாரு. யாரோ போட்டுத் தூங்கினதைத் தந்திருக்கீங்கன்னு சத்தம் போடுறாரு" என்றாள் மருமகள். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. போய்க் கொண்டுவரச் சொன்னாள்.

கிழவர் குவளையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

வாளியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. கையை விட்டார். வழுக்கியது. வாளியின் உள்விளிம்பில் ஒரு வளையம், மஞ்சளாக, மெழுகு மாதிரி. நகத்தால் சுரண்டினார். நகத்துக்குள் ஏறியது. முகர்ந்தார்.

அதே வாடை.

கையை வேட்டியில் துடைத்தார். துடைத்த இடம் பளபளத்தது. அண்ணாந்து குழாயைப் பார்த்தார். உடைந்த நுனியில் சாம்பல் நிறத்தில் ஏதோ கொழகொழவென்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாக்கு மாதிரி. அதன் முனையில் சொட்டு ஒன்று திரண்டது, பெருத்தது, இழுபட்டது. அவர் வாயை மூடுவதற்குள் உதட்டில் விழுந்தது.

இளஞ்சூடாக இருந்தது. ஏசித் தண்ணீர் எப்படிச் சூடாக இருக்கும்.

குவளையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, கைப்பிடிச் சுவரில் குனிந்து, வயிற்றில் இருந்த தேநீரையெல்லாம் வாந்தி எடுத்தார். உதட்டைத் தோல் உரிகிற அளவுக்குத் துடைத்தார். மருமகள் எதற்கோ கூப்பிட்டாள். அவர் வெளிக்கதவைத் திறந்துகொண்டு மாடிப்படி ஏறினார். அந்தச் சண்டைக்குப் பிறகு அவர் மேலே போனதே இல்லை. முழங்கால் ஒவ்வொரு படிக்கும் திட்டியது.

மேல்வீட்டு வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. அதன்மேல் தூசு. இரண்டு செருப்புக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது.

வெளியூர் போனவன் செருப்பை விட்டுவிட்டா போவான்.

கதவின் அடி இடுக்கில் உள்பக்கமிருந்து துண்டு திணித்திருந்தது. குளிர்ச்சி வெளியே போகக்கூடாது என்று அந்த ஆள் செய்கிற வேலை. தட்டினார். தட்டிய சத்தம் உள்ளே போய் விழுந்து அங்கேயே கிடந்தது. பக்கத்து ஜன்னலில் திரை முழுசாக மூடவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்தார். சில்லென்றது.

உள்ளே பச்சை வெளிச்சம், ஏசியின் சின்ன விளக்கு. ஏசி வாயின் இதழ்கள் மேலும் கீழும் ஆடிக் கட்டிலின்மேல் காற்றை ஊதிக்கொண்டிருந்தன. கட்டிலுக்குக் கீழே பெட்டி. திறக்காத பெட்டி. அன்று அந்த ஆள் போகவில்லை. வந்திருக்கிறார்.

கட்டில்மேல் ஒரு சட்டை ஒருக்களித்துப் படுத்திருந்தது.

முதலில் வெறும் சட்டை என்றுதான் நினைத்தார். அவ்வளவு தட்டை. பிறகு கழுத்துப் பட்டைக்குள் தலை தெரிந்தது. குழந்தைத் தலை அளவுதான். அந்தப் பெரிய உடம்பில் இருந்த ஈரத்தையெல்லாம் யாரோ பிழிந்து எடுத்துவிட்டு மிச்சத்தை உதறிப் போட்ட மாதிரி. தோல் முழுக்கச் சுருக்கம். முறுக்கிப் பிழிந்து காயப்போட மறந்த துணிக்கு இருக்குமே, அந்தச் சுருக்கம். இடது முழங்கை மடங்கியிருந்தது. வலது தோள் அடியில். வயிற்றில் மூன்று மடிப்பு.

ஏசி உறிஞ்சிக்கொண்டிருந்தது. சுவருக்குள் குழாய் களக் களக் என்றது. எங்கோ கீழே, அவருடைய வாளியில், ஒரு சொட்டு.

கோட்டு. சட்டை. கவுன். போன வாரம் மருமகள் நீராவி காட்டித் தந்து அவர் போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டை. இத்தனை நாளும் கீழே அந்த நீராவிக்குள் உட்கார்ந்து அவர் இழுத்த மூச்சு.

கீழே பேத்தி இருமினாள்.

சாயங்காலம் ஆவி பிடிக்க.

எந்தத் தண்ணீரில்.

படி இறங்கியது அவருக்கு நினைவில்லை. வீட்டுக்குள் நுழைந்தபோது ஸ்டீமர் அணைந்திருந்தது. வாடை அணையவில்லை. கூடத்து நடுவில் அகலப் பாத்திரம். அதன்மேல் போர்வை. போர்வைக்குள் பேத்தி. பக்கத்தில் அவருடைய வாளி.

"எங்க மாமா போனீங்க? குட்டி ரொம்ப இருமினா, இப்பவே ஆவி புடிக்க வச்சிட்டேன். குழாய்த் தண்ணி ஆவியில கண்ணு எரியுதுன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டா. நீங்க புடிச்ச தண்ணின்னு சொன்னேன், உடனே வந்து உக்காந்துட்டா" என்றாள் மருமகள்.

எடு என்று சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு பிசுக்கில் ஒட்டிக்கொண்டது.

"சளியெல்லாம் நல்லாக் கரையுது. கேளுங்க."

போர்வைக்குள் இருமல். அடித்தொண்டையிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வந்தது. பாதியில் நின்றது.

"ம்ஹும்."

கிழவர் போர்வையைப் பார்த்தார். அதன்மேல் சுருக்கங்கள் மெல்ல நகர்ந்தன. இடது பக்கம் முழங்கை மாதிரி மடங்கியது. நடுவில் ஒரு மடிப்பு விழுந்தது. இன்னொன்று. மூன்றாவது. நாலு வயசுக் குழந்தைக்கு அவ்வளவு பெரிய முதுகு கிடையாது.

உள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. குட்டியின் கைதான், அவள் வளையல்தான். விரல்கள் வெளுத்து, ஊறிச் சுருங்கி இருந்தன. தரையைத் தடவித் தடவி வாளியின் விளிம்பைப் பிடித்தது. தன் பக்கம் இழுத்தது.

"இன்னும் வேணுமாம் மாமா" என்று சிரித்துக்கொண்டே மருமகள் குனிந்து குவளையில் மொண்டாள்.

போர்வை உள்ளே இழுபட்டது. வாய் இருக்கும் இடத்தில் துணி குழிந்தது. பெரிய வாய்.