கரையை நோக்கி ஒரு புள்ளி

மாலைத் தொழுகைக்கான அசர் பாங்கு அடங்கிய நேரத்தில், கோத்தா பாருவிலிருந்து வந்த பேருந்தை விட்டுச் சுரைடா இறங்கினாள். மழை இருட்டு. கடலில் சத்தமே இல்லை.

கம்பங்கள்மேல் நின்ற மரவீட்டில் அம்மா மெக் சோம் கைபேசியை முகத்தருகே பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"அதைக் கீழ வைம்மா. இமாம்கிட்ட பேசிட்டேன். நாளைக்கு ஜும்மா முடிஞ்சதும் தம்பிக்கு ஜனாசா தொழுகை."

"உடம்பு இல்லாமலா?"

"உடம்பு கிடைக்காதவங்களுக்கும் வைக்கலாமாம்."

"அவரு தன் வீட்டைப் பாக்கட்டும். என் பிள்ளைய நான் பாத்துக்கறேன்."

தம்பி ஹஸ்வான் ஏறிய விமானம் கடலுக்கு மேலே காணாமல் போய் ஓராண்டு ஆகப்போகிறது. பாலைவனத்தில் இறங்கியது என்று இணையத்தில் ஒருவன் எழுதினான். ஏதோ தீவில் ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்றான் இன்னொருவன். அம்மா ஒவ்வொன்றையும் நம்பினாள். இப்போது செயற்கைக்கோள் படங்களில் ஊர் பேர் தெரியாதவர்கள் கடலைச் சல்லடை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டுபிடித்தான். தினமும் அது நகர்ந்தது. போகும் வழிக்குச் சிவப்புக் கோடு போட்டான். கோடு இந்தக் கரையில் முடிந்தது.

"வேலையத்தவனுங்க. அது நுரைம்மா."

"நுரை காத்துக்கு எதிரா வருமாடி?"

சுரைடா நேற்றைய படத்தை விரல்களால் பெரிதாக்கினாள்.

ஒரு புள்ளி அல்ல. வரிசைகள்.

மூன்று. நடுவில் ஆள் நடக்கும் அளவு இடைவெளி. மறுபடி மூன்று. அதற்குப் பின்னாலும் அப்படியே, விமான இருக்கைகள் போல.

இன்றைய படத்தில் கடல் காலியாக இருந்தது. அதன் கீழே கிண்டல்கள் நின்றுபோயிருந்தன. கடைசியாக ஒருவன் கேட்டிருந்தான்: கரை ஏறிட்டாங்களா?

சுரைடா கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்கு வேண்டாம்மா. இப்பவே இமாமைக் கூப்பிடறேன். தொழுது அவனை அனுப்பிடலாம்."

"செத்தவன்னு சொல்லிட்டா, அவன் வந்தா எங்கடி நிப்பான்?"

கடல் பக்கமிருந்து மண்ணெண்ணெய் நாற்றம் வந்தது. ஈரத் துணியின் வாடையும்.

படிக்கட்டின் அடியில், கால் கழுவும் ஜாடியில் யாரோ தண்ணீர் மொண்டார்கள்.

அம்மா எழுந்தாள். சுரைடா அவள் கையைப் பிடித்தாள்.

"ஸலாம் சொல்லட்டும்மா," என்றாள் மூச்சுக்குள். "சொல்லாம வந்தா அது அவன் இல்ல."

மொள்ளும் சத்தம் நிற்கவில்லை. ஒருவன் கால் கழுவ இவ்வளவு தண்ணீர் வேண்டாம்.

சிரட்டை ஜாடியின் அடியைச் சுரண்டியது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

ஹஸ்வானின் குரல். தொண்டையில் தண்ணீர் கட்டிய குரல்.

சுரைடா அம்மாவின் வாயைப் பொத்தினாள். அதற்குள் அம்மா பதில் சொல்லிவிட்டாள்.

முதல் படி முனகியது. அந்தச் சத்தம் அடங்கும் முன் மறுபடி முனகியது. மறுபடியும்.

கதவுக்கு வெளியே அவன் தயங்கினான்.

"மா, கூட வந்தவங்களும் இருக்காங்க. எல்லாருக்கும் உள்ள இடம் இருக்குமா?"