முட்டுப் பலகை

நேற்று சாயங்காலம் உடைகல்லைக் கொட்டி, திமிசுக்கட்டையால் மாறி மாறி இடித்து இறுக்கிவிட்டுப் போன அஸ்திவாரக் குழியின் அடித்தரை, காலையில் ஒரு முழம் உள்வாங்கிக் கிடந்தது. மற்றக் குழிகளுக்கு ஒன்றுமில்லை. மூலையில் இருந்த இந்த ஒரு குழிக்குத்தான் அடங்காத பசி.

"பூச்சோங் மண்ணே இப்படித்தான்லா," என்று, ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தம்புசாமி அவர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். "ஈயம் தோண்டி மூடுன பழைய ஈயக்குட்டை. இன்னும் ஒரு லோரி கல்லப் போட்டு இடிங்க." சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அது ஈயக்குட்டையின் வேலை இல்லை என்பது அங்கே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

திமிசுக்கட்டை தொம் தொம்மென்று விழுந்தது. ஈரமண் வாடையும் டீசல் வாடையும் கலந்து மூக்கில் ஏற, ஒவ்வொரு இடிக்கும் பிறகு, மற்றவர்கள் கட்டையைத் தூக்கும் அந்தச் சின்ன இடைவெளியில், கீழேயிருந்து இன்னொரு இடி மெதுவாகத் திரும்பி வருவது அவன் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. ஆட்கள் யாரும் முகம் மாறவில்லை.

போன வெள்ளிக்கிழமை அஸ்திவார பூசைக்குத் தவுக்கே வந்திருந்தார். கட்டும் வீடுகள் எல்லாம் அவருடையவை. சீனர்தான், ஆனாலும் தமிழாட்கள் தேங்காய் உடைத்துக் கும்பிடாமல் கான்கிரீட் ஊற்ற விடமாட்டார். முதல் நாள் மழையில் பூசை போடும் இடம் சேறாகிக் கிடந்தது. தவுக்கேயின் சப்பாத்து சேற்றில் இறங்கலாமா? அப்போது தம்புசாமிக்கு ஒரு யோசனை வந்தது பாருங்கள், பாழாய்ப் போன யோசனை! மூலைக் குழியின் பக்கச்சுவர் சரியாமல் முட்டுக் கொடுத்திருந்த பலகைகளை உருவிக்கொண்டு போய் மேடை போட்டான்.

உள்ளே நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அய்யாவு நிமிர்ந்து பார்த்தான். "அண்ணே, பலகைய எடுத்தா மண்ணு நிக்காதே."

"சாமி காரியம்லா. பூசை முடிஞ்சதும் திருப்பி வெச்சிரலாம். நீ தண்ணிய இறை."

உடுக்கையும் மணியும் ஓங்கி ஒலித்த நேரத்தில் மண் சரிந்திருக்க வேண்டும். கையில் சர்க்கரைப் பொங்கலோடு தம்புசாமி வந்து எட்டிப் பார்க்கையில் குழி பாதிக்கு மேல் மூடியிருந்தது. அடியிலிருந்து, உருவாமல் விட்ட ஒற்றைப் பலகையை யாரோ தட்டும் சத்தம். ஒரு கத்துக் கத்தியிருந்தால் அத்தனை பேரும் மண்வெட்டியோடு ஓடி வந்திருப்பார்கள். கத்தத்தான் வாயைத் திறந்தான். பலகை எங்கே என்று கேட்பார்களே. தவுக்கே அதன்மேல்தானே நிற்கிறார்! வாய் மூடிக்கொண்டது. பொங்கல் கையிலேயே ஆறியது. தட்டுவது நின்றது.

அய்யாவு சொல்லாமல் கள்ளுக்கடைக்குப் போய்விட்டான் என்றான். நம்பினார்கள். சரிந்த மண்ணை அள்ள வேண்டாம், மேலேயே கல்லைப் போட்டு இடித்தால் போதும் என்றான். அதையும் நம்பினார்கள்.

நம்பாதவள் ஒருத்தி, அய்யாவுவின் பெண்சாதி வீரம்மா. கம்போங் மேடானிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து சிமெண்டுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்துவிடுவாள். இன்றும் வந்திருந்தாள்.

"மண்டோரண்ணே, தைப்பூசத்துக்கு விரதம் இருக்காரு. கள்ளு குடிக்கவே மாட்டாருண்ணே. உசுரோட இல்லன்னாலும் சொல்லிருங்க. காரியமாச்சும் பண்ணணும்ல?"

சொல்லிவிடுடா, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கான்கிரீட் லோரி இன்னும் வரவில்லை. இப்போது மண்ணை விலக்கினால் அவளுக்கு உடலாவது கிடைக்கும். ஊற்றிவிட்டால் அதுவும் கிடையாது.

"கிள்ளான் பக்கம் வேலைக்குப் போயிருப்பான், வீரம்மா." சொன்ன வாயைக் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தது அவனுக்கு.

மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. லோரி வந்தது. சாம்பல் நிறச் சாந்து கம்பிகளுக்கு நடுவே சளசளவென்று இறங்கி, குழி நிறைந்து, மட்டப்பலகை போட்டு வழித்ததும் வழவழவென்று அடங்கியது. சிமெண்டு வாடைக்கு அடியில் ஆறிப்போன பொங்கல் வாடை. மழைக்குப் பயந்து ஆட்கள் கொட்டகைக்கு ஓடினார்கள். தம்புசாமி மட்டும் மூலைக் குழியருகிலேயே நின்றான்.

வீரம்மா தேடிக்கொண்டே வந்தாள். தண்ணீர்த் தொட்டிப் பக்கம், செங்கல் அடுக்கின் பின்பக்கம். புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் அவளுக்கு இல்லை. மூலைக் குழியின் விளிம்பில் வந்து நின்றாள்.

"ஏங்க..."

"ம்."

சாந்துக்கு அடியிலிருந்து. தூக்கத்தில் இருப்பவன் சொல்வதைப் போல.

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். காதைச் சாய்த்தாள். கேட்டாள். தலையாட்டினாள். அழவில்லை. மெல்ல நிமிர்ந்து தம்புசாமியைப் பார்த்தாள்.

"மண்டோரண்ணே, மூச்சு முட்டுதாம். யாரையாச்சும் கூப்புடச் சொல்றாரு."

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

வழித்து விட்ட சாந்தின் மேற்பரப்பு மெதுவாக உள்வாங்கியது. மடங்கிய முழங்கால். தலைக்கு மேல் ஒரு கை. முதுகு காட்டிப் படுத்திருக்கும் ஓர் ஆளின் பள்ளம்.

மழை விழத் தொடங்கியது. அந்தப் பள்ளம் மெல்லப் புரண்டு, அவன் பக்கம் முகம் திருப்பிப் படுத்தது.