பதினாலாம் நம்பர் ஸ்பேனர்

கவிப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு நுனி சிவக்கும். அப்புறம் காது. காதும் சிவந்துவிட்டால் வீட்டில் யாரும் அவள் எதிரே நிற்க மாட்டார்கள். கோழிகூடக் கொஞ்சம் தள்ளித்தான் மேயும்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் மூக்கு, காது இரண்டுமே சிவந்திருந்தன. காரணம் வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணன் தமிழ்மணிதான்.

தமிழ்மணி தர்மபுரியில் கல்லூரி முதல் வருடம் படிக்கிறான். பதினொன்றாம் வகுப்பில் அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள், அவன் பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் ஏழாம் வகுப்புப் படிக்கும் கவிப்பிரியாவின் கைக்கு வந்தது. சீட்டை நன்றாகத் தாழ்த்தி வைத்து ஓட்டினாள். பள்ளிக்கூடம் போவது அதில்தான். அம்மாவுக்குக் கால் சுளுக்கிய நாளிலிருந்து, சாயங்காலம் பால் சொசைட்டிக்குக் கேன் கொண்டுபோவதும் அதில்தான்.

சைக்கிளுக்கு இருந்தது ஒரே ஒரு நோய். செயின் தொய்ந்துபோய் அடிக்கடி கழன்று விழும். அவள் இறங்கி ஒரு குச்சியால் தூக்கி மாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். சைக்கிளும் குறை சொன்னதில்லை, அவளும் குறை சொன்னதில்லை.

வம்பு சந்தையில் ஆரம்பித்தது. மைக் பிடித்துக் கூவி விற்ற ஒருவரிடம் தமிழ்மணி ஒரு டப்பா வாங்கி வந்தான். ஸ்பேனர், திருப்புளி, பிளேயர், சுத்தியல், குட்டி எண்ணெய்ப் புட்டி என்று முப்பத்திரண்டு சாமான் அதில் இருந்தன. நல்ல ஸ்பேனர் ஒன்று வாங்கும் விலைக்கு இத்தனையுமா என்று அவனுக்கு ஒரே பெருமை. இனிமேல் சைக்கிள் கடை வாசலையே மிதிக்க வேண்டாம் என்றான்.

கவிப்பிரியா ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்துப் பார்த்தாள். ஐஸ்கிரீம் கரண்டி மாதிரி இலேசாக இருந்தது. இது ஆகாது என்று அப்போதே சொன்னாள். அவன் கேட்டால்தானே?

பூஜைக்காக அவள் சைக்கிளைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தாள். தமிழ்மணி டப்பாவோடு வந்து உட்கார்ந்தான். பின் சக்கரத்தின் இரண்டு பக்க நட்டையும் தளர்த்தி, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் செயின் இறுகிவிடும். அது அவனுக்குத் தெரிந்திருந்தது. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் ஆபத்தானவன்.

இடது பக்க நட்டு சுலபமாகக் கழன்றது. வலது பக்கம் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. தமிழ்மணி பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். நட்டு அசையவில்லை. ஸ்பேனரின் வாய்தான் அகன்றுபோய், நட்டின் மூலைகளை வழித்துக்கொண்டு சுற்றியது.

"அண்ணா, விட்டுடு. நட்டு தேயுது" என்றாள் கவிப்பிரியா.

"இரு, இன்னும் முப்பத்தோரு சாமான் இருக்கு" என்று அவன் பிளேயரை எடுத்தான்.

பிளேயரின் மூக்கு உடைந்து தெறித்துக் கோழியின் மேல் விழுந்தது. நல்ல ஆறு மூலை நட்டு கொட்டைப்பாக்கு மாதிரி உருண்டையாகிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் தளர்ந்ததால் சக்கரம் சாய்ந்து கம்பியில் போய் முட்டிக்கொண்டது. இப்போது சைக்கிளைத் தள்ளினால்கூட நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து அப்பா போன் செய்தார். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி இறக்க ஆள் கிடைக்கவில்லை, உடனே கிளம்பி வா என்றார். தமிழ்மணி கையைக்கூடக் கழுவவில்லை. அந்த வழியாகப் போன டெம்போவில் ஏறிக்கொண்டு, வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"நீ வர்றதுக்குள்ள பாலு தயிராயிடும்" என்று கவிப்பிரியா கத்தியது டெம்போ சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்காது. ஓடிக்கொண்டிருந்த சைக்கிளை ஓடாமல் செய்துவிட்டு, அவன் மட்டும் ஓடிவிட்டான். யாருக்குத்தான் கோபம் வராது?

சைக்கிள் கடை சின்னராஜ் மாமா கடைக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டிவிட்டு, குடும்பத்தோடு ஒகேனக்கலில் பரிசல் ஏறப் போய்விட்டார். ஊரில் பைக் வைத்திருந்த அண்ணன்மார்கள் எல்லாம் அவருக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். மாட்டுக்கு மட்டும் ஆயுத பூஜைக்கு லீவு கிடையாது. அம்மா பால் கறந்து முடித்தபோது கேன் நிறைந்திருந்தது.

சைக்கிள் கிடந்த கோலத்தை அம்மா பார்த்தாள். ஒன்றும் திட்டவில்லை. நானே நடந்து போய் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று கேனைத் தூக்கப் போனாள். அம்மாவின் கணுக்காலில் துணிக்கட்டு இருந்தது. வீக்கம் இன்னும் வடியவில்லை. இரண்டடி வைத்ததுமே உதட்டைக் கடித்தாள். பிறகு வலிக்கவில்லை என்று காட்டுவதற்காகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் கவிப்பிரியாவால் தாங்க முடியவில்லை. அவளே கேனைத் தூக்கிப் பார்த்தாள். வாசல் வரைக்கும் கொண்டுபோக முடிந்தது. சொசைட்டி ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"நீ ஒக்காரும்மா. பால் வண்டி வர்றதுக்குள்ள நான் சைக்கிளைச் சரி பண்ணிடறேன்."

"எதை வெச்சுடி பண்ணுவே?" என்று கேட்டாள் அம்மா.

நியாயமான கேள்விதான். பதில் பக்கத்து வீட்டில் இருந்தது.

பக்கத்து வீடு கிருஷ்ணப்பன் பெரியப்பாவுடையது. அவரிடமும் ஒரு டப்பா உண்டு. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கிக் கொடுத்த வெளிநாட்டு டப்பா. திறந்தால் நீல நிற மெத்தையில் ஒவ்வொரு ஸ்பேனரும் தனித்தனியாகப் படுத்திருக்கும். அதன் விலையைப் பெரியப்பா ஊரில் எல்லோரிடமும் ரகசியமாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் துணியால் துடைப்பார். ஆனால் அதை வைத்து ஒரு திருகைக்கூடத் திருகியது கிடையாது. அவருடைய பம்புசெட்டு ரிப்பேரானால்கூட மெக்கானிக் தன் சாமானை எடுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

பெரியப்பா வீட்டில் பூஜை முடிந்திருந்தது. சாமி படத்துக்கு முன்னால் டப்பா திறந்திருந்தது. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். பெரியம்மா பொரியும் கடலையும் கொடுத்தாள். கவிப்பிரியா அதை வாயில் போடாமல், நடந்ததைச் சொல்லி ஸ்பேனர் கேட்டாள்.

"இன்னிக்குத் தொடக்கூடாது பாப்பா. பூஜையில வெச்சாச்சு. நாளைக்கு மறுபூஜை பண்ணித்தான் எடுக்கணும்" என்றார் பெரியப்பா.

"நாளைக்குக் குடுப்பீங்களா பெரியப்பா?"

பெரியப்பா தொண்டையைச் செருமினார். நாளைக்கும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். உயர்ந்த சாமானாம். கண்ட நட்டில் போட்டால் கீறல் விழுமாம். கீறல் விழுந்தால் மகனுக்கு என்ன பதில் சொல்வதாம்.

கவிப்பிரியாவின் சிவப்பு காதிலிருந்து கழுத்துக்கு இறங்கியது. பெரியவர்களிடம் குரலை உயர்த்தக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். அதனால் மெதுவாகத்தான் பேசினாள்.

"பூஜை அன்னிக்கு ஆயுதத்தை ஏன் தொடக்கூடாதுன்னு சொல்றாங்க பெரியப்பா?"

"வருசம் பூரா ஒழைச்சிருக்கு. ஒரு நாளாச்சும் ஓய்வெடுக்கட்டும்னுதான்."

"இது என்னிக்குங்க ஒழைச்சுது, ஓய்வெடுக்கறதுக்கு?"

பெரியம்மாவுக்குப் பொரி புரையேறிவிட்டது. பெரியப்பா டப்பாவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"எங்கண்ணன் வாங்கினது மட்டமானது, முத நாளே ஒடைஞ்சிடுச்சு. உங்களுது ஒசந்தது, பொட்டியை விட்டே வராது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. ரெண்டு இருந்தும் எங்கம்மா கால் வலியோட நடந்துதான் போகணும்."

சொல்லிவிட்டு விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டாள். அழுகை வந்தது. அழுகை வந்ததற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது.

அவள் சைக்கிள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பெரியப்பா வந்தார். பெரியம்மா உள்ளே அவரிடம் என்ன சொன்னாளோ, தெரியாது. பிறந்த குழந்தையைத் தூக்கி வருவதுபோல் டப்பாவைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார். திருகுவது நான்தான், நீ தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பதினைந்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். முனை வளையம்போல் வட்டமாக இருந்தது. நட்டின்மேல் மாட்டித் திருகினார். அது சும்மா சுற்றி வந்தது. மறுபடியும் திருகினார், மறுபடியும் சுற்றியது.

"நட்டே போயிடுச்சு பாப்பா. இதுக்கு நான் என்ன பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் குரலில் கொஞ்சம் நிம்மதி இருந்தது.

கவிப்பிரியா தரையில் குனிந்து அந்த நட்டையே முறைத்துப் பார்த்தாள். மூலை தேய்ந்ததால் நட்டு சிறுத்துவிட்டது. பெரிய வளையல் கையில் நிற்காது, கழன்று விழும். இறுக்கமான வளையல்தான் நிற்கும். ஆனால் அதைக் கையில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும்.

"ஒரு நம்பர் சின்னது குடுங்க பெரியப்பா" என்றாள்.

பதினாலாம் நம்பர் நட்டின் விளிம்பில் உட்கார்ந்தது. உள்ளே இறங்கவில்லை.

"தட்டித்தாங்க ஏத்தணும்."

"எதைத் தட்டறது?"

"ஸ்பேனரைத்தாங்க."

பெரியப்பாவின் முகம் வெளிறிவிட்டது. குங்குமம்கூட அழியாத ஸ்பேனரைக் கல்லால் அடிப்பதா? அதைச் சட்டென்று எடுத்துத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். அதெல்லாம் முடியாது, அடி பட்டால் செத்துவிடும் என்றார்.

அப்போது அம்மா கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நேரமாகிவிட்டது என்று மட்டும் சொன்னாள். ஒரு காலை ஊன்றி, மறு காலை இழுத்து, வேலியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வேலி முடிந்த இடத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் நின்றாள்.

பெரியப்பா அதைப் பார்த்தார். துண்டிலிருந்து ஸ்பேனரை எடுத்துக் கவிப்பிரியாவின் கையில் வைத்தார்.

அவள் அண்ணனின் டப்பாவிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து நட்டின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டாள். முப்பத்திரண்டில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். சுத்தியலை ஓங்கியதுமே தலை கழன்று வேலிக்கு அப்பால் பறந்தது. அதனால் ஸ்பேனரின்மேல் ஒரு மரக்கட்டையை வைத்து, அதன்மேல் கல்லால் அடித்தாள்.

முதல் அடி தமிழ்மணிக்கு. இரண்டாவது அடி, மைக் பிடித்து அந்த டப்பாவை விற்றவருக்கு. மூன்றாவது அடி யாருக்கு என்று பெரியப்பா கேட்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

ஸ்பேனர் நட்டைக் கவ்வி உட்கார்ந்தது. இப்போது பெரியப்பாவும் அவளும் சேர்ந்து அழுத்தினார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். நட்டு அசைந்தது.

சக்கரத்தைப் பின்னால் இழுத்து நேராக நிறுத்தி, செயின் தொய்வு போனதும் இரண்டு நட்டையும் முறுக்கினார்கள். பெரியப்பா ஸ்பேனரைத் தட்டித் தட்டிக் கழற்றினார். குங்குமம் இருந்த இடத்தில் நீளமாக ஒரு கீறல் விழுந்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"சாகல" என்றார்.

கவிப்பிரியா அம்மாவிடமிருந்து கேனை வாங்கிக் கேரியரில் வைத்து ரப்பரால் கட்டினாள். ஏரிக்கரை மேட்டில் நின்று மிதித்தபோதும் செயின் கழலவில்லை. சொசைட்டியில் பால் வண்டி பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அவள் போட்ட மணிச்சத்தத்தில் அந்தக் கதவு மறுபடியும் திறந்தது.

இருட்டுகிற நேரத்தில் தமிழ்மணி திரும்பி வந்தான். பாலக்கோட்டில் புது நட்டு ஒன்று வாங்கி வந்திருந்தான். தங்கையின் காதைப் பார்த்துவிட்டு எட்ட நின்றே அதை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு, அவனுடைய டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"எண்ணெய்ப் புட்டி எனக்கு. மிச்சமெல்லாம் நீயே வெச்சுக்கோ."

மறுநாள் பெரியப்பா வீட்டு வாசலில் ஆணி அடித்து இரண்டு ஸ்பேனர்கள் தொங்கின, பதினாலும் பதினைந்தும். இருந்த இடத்திலேயே திருப்பி மாட்டினால் போதும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டார். பம்புசெட்டு, மருந்தடிக்கும் இயந்திரம், டிராக்டர், பிள்ளைகளின் சைக்கிள் என்று அவை ஊரெல்லாம் சுற்றின. மற்ற ஸ்பேனர்களும் ஒவ்வொன்றாகப் பெட்டியை விட்டு ஆணிக்கு வந்துவிட்டன.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. தமிழ்மணி வாங்கியிருந்த பழைய பைக்கில் ஏதோ ஆடியது. பதினாலாம் நம்பர் கேட்டு மத்தியானம் பெரியப்பா வீட்டுக்குப் போனான். கவிப்பிரியாவும் கூடப் போனாள்.

"நாளைக்கு வா தம்பி. வருசம் பூரா ஒழைச்சிருக்கு. இன்னிக்கு ஒரு நாள் ஓய்வெடுக்கட்டும்" என்றார் பெரியப்பா.

தமிழ்மணி தங்கையைத் திரும்பிப் பார்த்தான். இவளை விட்டால் பெரியப்பாவை மடக்க யார் இருக்கிறார்கள்?

கவிப்பிரியா சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஸ்பேனரைப் பார்த்தாள். உடம்பெல்லாம் கீறல். எவ்வளவு துடைத்தும் போகாத எண்ணெய்க் கறை. அந்தக் கறையின்மேல், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தனப் பொட்டு.

"பெரியப்பா சொல்றது சரிதாண்ணா" என்று சொல்லிவிட்டு, அவள் ஒரு கை பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.